வருஷத்துக்கு ரெண்டு கை

எங்கள் வீட்டு முகப்பில் சுண்ணாம்புச் சாந்திலேயே எழும்பி நிற்கும் ஒரு வருஷம் உண்டு. 1931. தாத்தாவின் அப்பா வீட்டைக் கட்டி முடித்த வருஷம். நடுவில் தாமரை மேல் லெட்சுமி, இரண்டு பக்கமும் கிளி, லெட்சுமியின் காலடியில் அந்த நான்கு எண்கள். 2018-ல் வெளிச்சுவர் முழுக்கப் பெயிண்ட் அடித்து, சாரத்தைப் பிரித்த அன்று சாயங்காலம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். 1981 என்று இருந்தது. பட்டி பார்த்த பையன் மூன்றின் இடுக்குகளை ஒழுங்காக வழித்து நிரப்பியிருந்தான். வீட்டுக்கு ஒரே வாரத்தில் ஐம்பது வயது குறைந்துபோயிற்று.

“பரவால்லடா, எனக்கும் இதே மாதிரி ஒரு கை பூசிவிடச் சொல்லு” என்றாள் அக்கா. நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திண்ணைத் தூணில் கையை வைத்து, உடனே எடுத்து, விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “ஒட்டவே இல்லையே” என்றாள். அதைப் பாராட்டு என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

வீடு அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம். இரண்டு திண்ணை, தார்சா, பட்டாசல், இருட்டான இரண்டு அறைகள், அடுக்களை, புறவாசல், மேலே மட்டப்பா. இரண்டடிக் கனச் சுவர். உள்ளே அந்தக் காலத்து மெல்லிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்புக் காரை. சிமெண்ட் மூட்டை ஒன்றுகூட அந்த வீட்டுக்குள் வராமலே அது அறுபது வருஷம் நின்றது.

அந்த அறுபது வருஷமும் மார்கழி பாதிக்கு மேல் வெள்ளையடிப்பு நடக்காமல் இருந்ததில்லை என்று அப்பா சொல்வார். நான் பார்த்தது எழுபதுகளின் கடைசியிலிருந்து. காளவாசலிலிருந்து சாக்கில் கல் சுண்ணாம்பு வரும். புறவாசலில் தென்னைக்குப் பக்கத்தில் ஒரு குழி. கல்லைக் குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. அப்புறம் உள்ளே யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் கிளம்பும், கல் வெடிக்கும், குழி முழுவதும் கொதிக்கும், ஆவி ஓட்டு உயரத்துக்கு எழும்பும். அடுப்பு இல்லாமல் கொதிக்கிற அந்தக் குழிதான் எங்களுக்குப் பொங்கலின் முதல் நாள். பக்கத்தில் விடமாட்டார் அப்பா. ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று, தார்சா விளிம்பில் கரிக்கோடு போட்டு, அதற்கு இந்தப் பக்கமே எங்களை நிறுத்திவைப்பார்.

இரண்டு மூன்று நாள் ஊறிய சுண்ணாம்பைப் பழைய வேட்டியில் வடிகட்டுவார்கள். சுவரில் பிடித்து நிற்க வச்சிரத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். வச்சிரம் கிடைக்காத வருஷம் அரிசிக் கஞ்சி. வெள்ளை பளிச்சென்று இருக்க நீலப் பொட்டலம் ஒன்று. எத்தனை பொட்டலம் என்பதில் ஆச்சிக்கும் அப்பாவுக்கும் வருஷந்தோறும் சண்டை நடக்கும். ஆச்சி கை நீளம், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிடுவாள். பனை மட்டையின் நுனியை நசுக்கி நாராக்கியதுதான் தூரிகை. அடிக்க வருகிறவர் ஒருவர், சுண்ணாம்பைச் சுமந்து கொடுக்க அவர் சம்சாரம். மேலிருந்து கீழாக ஒரு கை, காய்ந்ததும் இடவலமாக ஒரு கை. இரண்டு நாளில் வீடு முடியும். மூன்றாம் நாள் திண்ணை முகப்பில் காவிப் பட்டை.

வேலை முடித்துக் கூலி வாங்க வரும்போது அவர் அப்பாவிடம் ஒரு கணக்கு ஒப்பிப்பார். புறவாசல் சன்னலுக்குக் கீழே ஓதம் ஏறுகிறது. மட்டப்பாக் கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசல், நகம் போகும். தூம்புவாய்க்குப் பக்கத்தில் அரசங்கன்று முளைத்திருந்தது, பிடுங்கிப் போட்டாயிற்று. மேற்குப் பக்கம் காரை பொள்ளலாக இருக்கிறது, தட்டினால் சத்தம் வேறு மாதிரி வருகிறது. அப்பா அதை டைரியில் எழுதிக்கொள்வார். கோடையில் கொத்தனாரை வரவழைத்து அந்த நாலு இடத்தையும் கொத்திப் பூசுவார். ஒரு மனுஷனின் கை வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டின் ஒவ்வொரு சாணையும் தடவிப் போயிருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. புதிய சுவரில் சாய்ந்து சட்டை முதுகெல்லாம் வெள்ளையாகிப் பள்ளிக்கூடம் போய், அங்கே எல்லாப் பையன்களின் முதுகும் வெள்ளையாக இருந்ததுதான் நினைவில் நிற்கிறது.

*

மாறியது 1992 நவம்பரில். அந்த வெள்ளத்தைப் பற்றித் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் கொட்டிய மழையும் அணைகளிலிருந்து வந்த தண்ணீருமாக ஒரே ராத்திரியில் ஆறு தெருவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் திண்ணைக்கு மேல் ஒரு முழம் நின்றது. வடிந்த பிறகு கீழ்ப்பக்கத்துக் காரை பல இடங்களில் பெயர்ந்து மண்ணோடு கிடந்தது.

அப்பா அதுவரை சிமெண்டைத் தொட்டதில்லை. தொடாததற்குக் காரணம் கொள்கை ஒன்றும் இல்லை. சிமெண்ட் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் நாலு மூட்டை வாங்கக்கூடப் பெர்மிட்டுக்கு அலைய வேண்டும். 1982-ல் பாதி தளர்த்தி, 1989-ல்தான் முழுக்க விட்டார்கள். 1992-க்குள் மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே சிமெண்ட் கடை வந்துவிட்டது. எங்கள் ஜில்லாவுக்குச் சிமெண்ட் என்றால் சொந்த ஊர்ச் சரக்கு வேறு. தாழையூத்தில் 1949-லிருந்து ஆலை ஓடுகிறது. தாத்தா காலத்தில் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியதும் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்தான். ஆலை அதே கல்லோடு களிமண்ணைச் சேர்த்துச் சூளையில் வைத்து வேறொன்றாக்கி மூட்டையில் அனுப்பியது.

கீழே மூன்றடி உயரத்துக்கு வீட்டைச் சுற்றிலும் அப்பா சிமெண்ட் பூசினார். இனி எந்த வெள்ளம் வந்தாலும் சரி என்று தெரு முழுக்கச் சொன்னார். நாங்களும் நம்பினோம். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள், தட்டினால் கல்லைப் போலச் சத்தம் கேட்டது.

இரண்டு வருஷத்தில் ஓதம் மூன்றடிக்கு மேலே ஏறியது. சிமெண்ட் முடிகிற இடத்திலிருந்து சரியாக ஒரு கோடு பிடித்ததுபோலப் பழுப்பாகப் படர்ந்தது. அப்பா அடுத்த மூன்றடிக்கும் சிமெண்ட் பூசினார். ஓதம் அதற்கும் மேலே போயிற்று. 2000 வாக்கில் முன்பக்கமும் வடக்குப் பக்கமும் மட்டப்பா வரை சிமெண்டாகிவிட்டன. காளவாசல் மூடப்பட்டதும் அந்த வருஷங்களில்தான். வெள்ளையடிக்க வந்தவர் வயதாகி வராமல் போனார். அவர் மகன் கோயம்புத்தூரில் பனியன் தைக்கிறான் என்றார்கள். டப்பாவில் வருகிற சிமெண்ட் பெயிண்டை வாங்கி, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, ரோஸ் நிறம் ஒரு தடவை, இளம்பச்சை ஒரு தடவை என்று அடித்தோம்.

இதற்கிடையில் தெரு வளர்ந்தது. ரோடு போடுகிற ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது திண்ணைக்கு ஏற மூன்று படி. இப்போது முக்கால் படி. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவு போட்டபோது அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இனிமே என்ன, பட்டாசல்லயே பஸ் ஏறிக்கிடலாம்” என்றாள். மழைத் தண்ணீருக்குத் தெருவில் இறங்க வழியில்லை, சுவரோரம் தேங்கி நின்று அடிவாரத்தில் இறங்கியது.

அப்பா 2016-ல் போனார். ஓதம் பற்றிய கடைசிக் குறிப்பு அவர் டைரியில் 1998-ல் இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கொடுக்கிற ஆள் வருவதில்லை அல்லவா.

*

2018-ல் அடித்த பெயிண்ட் என்னுடைய வேலை. சென்னையிலிருந்து போன் வழியாகவே பாதி முடித்தேன். அக்கா மகள் கல்யாணம் வந்தது, வீடு பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைக்காரர் ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தை விரித்தார். ஆயிரத்துக்கு மேல் நிறங்கள். ஒன்றின் பெயரும் நாம் நிறத்துக்குச் சொல்கிற பெயராக இல்லை. பிஸ்கட் மாதிரி இருந்த ஒன்றைத் தொட்டேன். வெளிச்சுவருக்கான உயர்ந்த ரக எமல்ஷன், மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது, பத்து வருஷ உத்தரவாதம் என்றார். பத்து வருஷம் என்ற சொல் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது! பத்து வருஷம் இந்தச் சுவரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அதற்காகத்தான் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சுரண்டி, தேய்த்து, பட்டி இரண்டு தடவை, பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. சாரக்கூலி உட்பட ஒரு லட்சத்து நாற்பதாயிரம். வேலை சுத்தம்தான். பெயிண்டரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அந்த எட்டைத் தவிர.

2019 ஐப்பசியில் வடக்குச் சுவரில் முதல் கொப்புளம் வந்தது. அம்மா போனில், “அம்மை போட்டாப்ல இருக்கு” என்றாள். தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். இட்லி அளவுக்கு ஒரு பொரிப்பு. அழுத்தினேன். உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தால் கரித்தது. அடுத்த வருஷம் கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெயிண்ட் கைக்குட்டை கைக்குட்டையாகத் தொங்கியது. உரித்தால் பின்பக்கம் பட்டியும் சிமெண்டும் சேர்ந்தே வந்தன. அதற்குப் பின்னால் 1931-ன் செங்கல், விரலால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது.

உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கடைக்காரர் வாசித்துக் காட்டினார். ஈரம் ஏறுகிற சுவருக்குப் பொருந்தாது. நியாயம்தான். அட்டையின் முன்பக்கத்தோடு நிறுத்தியது நான்.

*

கொத்தனார் ஒருவரைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆயிற்று. ஆளுக்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்பு தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். பக்கத்து ஊர்க் கோவில் திருப்பணியில் பழைய மண்டபத்துத் தளத்தைச் சுண்ணாம்பிலேயே செப்பனிட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் அழைத்துவந்தோம். அறுபத்தைந்து வயது இருக்கும். வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. சுவரோரமாகவே ஒரு சுற்று நடந்தார், கொத்துச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே, காதைச் சாய்த்துக்கொண்டே. வீட்டை அப்படி ஒருவர் தட்டிக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

“இந்தச் சிமெண்ட யாரு பூசுனா தம்பி?”

“எங்க அப்பாதான் அண்ணாச்சி, வெள்ளத்துக்கு அப்புறம்.”

“சரி. அதுக்கு மேல இந்த ரப்பர?”

“அது நான்.”

“செவுரு கீழ தண்ணியக் குடிக்கும் தம்பி. குடிச்சத மேல வேர்வையா விட்ரும். சுண்ணாம்பு போட்டா அது பாட்டுக்கு வேர்த்துக் காஞ்சிரும். வேர்க்குத ஆளுக்கு மழைக்கோட்ட மாட்டி, மேல பொத்தானும் போட்டுவிட்டுருக்கீய. உள்ளுக்க என்ன ஆவும்?”

என்ன ஆகும் என்பதைப் பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். அடிவாரத்து ஈரம் மண்ணிலும் செங்கலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் பொடிப்பொடித் துளைகள் இருப்பதால் ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும், உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். சிமெண்டும் எமல்ஷனும் அடைத்துவிட்டால் ஈரம் வழி தேடி இன்னும் உயரம் போகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, இடம் போதாமல் செங்கலை உடைக்கிறது. அப்பா துரத்தத் துரத்த ஓதம் மேலே போனதன் ரகசியம் இவ்வளவுதான். புதுக் கான்கிரீட் வீட்டுக்கு இதே சிமெண்டும் இதே பெயிண்டும் பொருந்தும். தப்பு, சரக்கில் இல்லை. தாத்தாவின் வேட்டிக்கு ஜிப் வைத்துத் தைத்தது எங்கள் தப்பு.

திருவனந்தபுரத்தில் இருக்கிற அத்தான் வேறொரு யோசனை சொன்னார். அங்கே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் வெளியே பூச்சே கிடையாது, செங்கல் அப்படியே தெரியும், எத்தனை மழை! நீங்களும் உரித்துவிட்டு விட்டுவிடுங்கள் என்றார். கொத்தனாரிடம் கேட்டேன். உதிர்ந்த செங்கல் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “இது பூச்சுக்குள்ள இருக்கணும்னே சுட்ட கல்லு. வெளியே நிக்கதுக்குத் தைரியம் காணாது” என்றார்.

*

2022 தை கடைசியில் வேலை ஆரம்பித்தது. முதல் இருபது நாளும் உரிப்பு மட்டும்தான். சிமெண்டைப் பெயர்ப்பது லேசான காரியமில்லை, ஓங்கி அடித்தால் பின்னால் இருக்கிற மெல்லிய செங்கலும் கூடவே வந்துவிடும். உளியைச் சாய்த்து வைத்து, விளிம்பிலிருந்து நெம்பி நெம்பி எடுக்க வேண்டும். வடக்கு மூலையில் கைப்பிடிச் சுவருக்குக் கீழே பூச்சு ஒரு பலகை மாதிரி விழுந்தது. பின்னால் அரசமரத்து வேர், என் மணிக்கட்டுக் கனம், செங்கல் வரிசைகளுக்கு நடுவே இரண்டடி ஓடியிருந்தது. வெளியில் ஒரு இலைகூடத் தெரிந்ததில்லை. தெரிந்திருந்தாலும் பெயிண்டர் அதை ஒடித்துவிட்டு மேலே பட்டியை இழுத்திருப்பார், அவர் கூலி சதுர அடிக்கு.

மேற்குப் பக்கத்தில் மட்டும் சிமெண்ட் படாத பழைய காரை தப்பியிருந்தது. அதன் மேல் வெள்ளைப் படலம் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது, விரல் கனத்துக்கு, வெங்காயச் சருகு அடுக்கியதுபோல. சில அடுக்குகளில் நீலம் தூக்கலாக இருந்தது. “இது அத்தை போட்டது” என்று அம்மா தன் மாமியாரைச் சொன்னாள். அப்படிக் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ஒரு துண்டை எடுத்து அடுக்களை மாடத்தில் வைத்துக்கொண்டாள், இன்னும் அங்கேயே இருக்கிறது.

சுண்ணாம்பு ஒரு மாதம் முன்னாலேயே தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. ஊற ஊற வெண்ணெய் மாதிரி ஆகும், தண்ணீருக்கு அடியில் இருக்கிறவரை எத்தனை நாளானாலும் கெடாது. கடுக்காயை நுணுக்கித் தண்ணீரில் போட்டுப் பத்துப் பதினைந்து நாள் புளிக்க வைத்தார்கள். அதோடு உடன்குடிக் கருப்பட்டி கரைத்த தண்ணீர். எமல்ஷன் வந்த இருபது லிட்டர் வாளிகள் நாலு புறவாசலில் கிடந்தன, கடுக்காய் ஊறியது அவற்றில்தான். வாளிக்கு மட்டும் பத்து வருஷம் தாராளமாகச் செல்லும். ஆற்று மணலுக்குத் தடை என்பதால் மணலுக்குத் திண்டாட்டம் வந்தது. பெயர்த்த பழைய காரையை இடித்துச் சலித்துக் கொஞ்சம், அரைத்த கல்மணல் கொஞ்சம். கல்மணலைக் கொத்தனார் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, உலக்கையால் இடித்து இடித்து, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடி, மறுபடி இடித்தார்கள்.

இடித்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு சித்தாள்கள், இருவரும் பெண்கள். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு வெந்து வெடிப்பு. காலையிலும் மத்தியானமும் அம்மா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை வெளியே வைப்பாள். கையுறை வாங்கிக் கொடுத்தேன். உலக்கை வழுக்குகிறது என்று இரண்டாம் நாள் கழற்றிவிட்டார்கள். கொத்தனாருக்கு ஆயிரத்துச் சொச்சம், அவர்களுக்கு அதில் பாதி. பழைய முறை, பாரம்பரியம் என்று எழுதுகிறவர்களின் கையை நான் இப்போதெல்லாம் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன், என்னுடையதையும் சேர்த்து.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. தெற்குச் சுவரைப் பூசிய மூன்றாம் நாள் நான் சென்னை போக வேண்டியிருந்தது. ஈரச்சாக்கு தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். மாசி வெயில் ஒரே மத்தியானத்தில் உறிஞ்சிவிட்டது. திரும்பி வந்தபோது சுவர் முழுக்க வறண்ட கண்மாய் மாதிரி வெடிப்பு. கொத்தனார் திட்டவில்லை. “சுண்ணாம்புக்கு அவசரம் ஆவாது” என்று சொல்லிவிட்டு, எட்டு நாள் வேலையைச் சுரண்டிக் கீழே தள்ளினார். இரண்டாவது தடவை பூசி, மரக்கட்டையால் சுவர் முழுக்கத் தட்டித் தட்டி இறுக்கினார்கள். ராத்திரி காதில் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது.

முகப்புக்குக் கொத்தனார் வேறு யாரையும் ஏறவிடவில்லை. ஓர் இரும்பு ஆணியும் பழைய பல்துலக்கும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஏறினார். ஒரு முழு நாள் எட்டைக் கிளறி, உள்ளேயிருந்து மூன்றை எடுத்தார். தலை தட்டையான மூன்று, மேல்வளைவே இல்லாமல் கோடாக இருந்தது. லெட்சுமிக்கு மூக்கு இருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சித்திரையில் வெள்ளையடிப்பு. இதில்தான் மானம் போகப் பார்த்தது. பனை மட்டைக்குப் பதில் கடைப் பிரஷ், மற்றதெல்லாம் பழைய பாகம். ஒரு கை முழுக்க அடித்து முடித்தார்கள். சுவர் அப்படியே காரை நிறத்தில் இருந்தது, தண்ணீர் தெளித்த மாதிரி. பணம் போயிற்று, மாதம் நாலு போயிற்று, சுவரில் ஒன்றுமில்லை. கொத்தனாரிடம் கேட்டேன், “போய்த் தூங்குங்க தம்பி” என்றார். காலையில் கதவைத் திறந்தால் கண் கூசியது. ஈரத்தில் இருக்கிறவரை சுண்ணாம்புக்கு நிறம் கிடையாது. காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து மறுபடி கல்லாக மாறும்போதுதான் வெளுக்கிறது. காளவாசலில் கல் விட்ட மூச்சை நம் வீட்டுச் சுவரில் உட்கார்ந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. அறிவியல் பாடத்தில் சமன்பாடாகப் படித்தபோது எனக்கு இது ஆறு மதிப்பெண்.

தெருவில் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு மாமா உண்மையான கவலையோடு கேட்டார்: “என்ன தம்பி, இருந்த பெயிண்டையும் ஒரிச்சுட்டு மறுபடி வெள்ளையடிச்சுருக்கீய? கைல கொஞ்சம் முடையா?” அம்மா திண்ணைத் தூணில் கையை வைத்து எடுத்து விரலைப் பார்த்தாள். வெள்ளை ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

முதல் மழைக்காலத்திலேயே தூம்புவாய்க்குக் கீழே பாசி கோடு போட்டது. சாரல் அடித்த இடம் மங்கியது. எமல்ஷன் வீட்டைப் போல ஐந்து வருஷம் ஒரே முகமாக இது இருக்காது. அடிவாரத்தில் உப்பு பூக்கத்தான் செய்கிறது, தென்னை விளக்குமாற்றால் அம்மா தட்டிவிடுகிறாள், கோலம் போடுவதற்கு முன்னால். கழிப்பறைப் பக்கத்துச் சிமெண்டை நாங்கள் தொடவே இல்லை. கைக்காசு அதற்குள் தீர்ந்துவிட்டது. அங்கே ஓதம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது அப்போதுதான். ஆறு மறுபடி கரையைத் தாண்டியது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்று, மறுநாள் வடிந்தது. சென்னையில் கரண்டு இருந்தும் போனில் அம்மாவைப் பிடிக்க முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு வழியாகப் பேசியபோது அவள் முதலில் சொன்னது சுவரைப் பற்றி: “இடுப்பு வரைக்கும் இருண்டு கெடக்கு. விழல.”

அந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கவில்லை. ஈரச் சுவரில் அடிக்கக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்து, போனில் சொல்வாள். இருட்டு இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு. பங்குனியில்தான் காய்ந்தது.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் லீவு சேர்த்துப் போயிருந்தேன். அடிக்க வர வேண்டிய ஆள் வரவில்லை. சுண்ணாம்பு ஊறிக் கிடக்கிறது, வடிகட்டியும் ஆயிற்று. நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைச் சாய்த்தேன். அம்மா கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “விட்டுப்போச்சு பாரு, எடப்பக்கம்... ஏல, அது இல்ல, அதுக்கும் மேல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் சுவருக்கு அரை நாள் ஆயிற்று. தோள்பட்டை கழன்றது. மட்டப்பாக் கைப்பிடியை அடிக்கும்போது, தூம்புவாய்க்கு ஒரு முழம் தள்ளி, பிரஷ் தடுக்கியது. குனிந்து பார்த்தேன். இரண்டே இலை, செம்பு நிறத்தில், நுனி வால் மாதிரி நீண்டு.

நகத்தால் சுற்றிலும் கிளறி, மெல்ல இழுத்தேன். வந்தது.

“என்னல நின்னுட்ட?”

“அரசங்கன்னும்மா.”

“வேரோட வந்துட்டா?”

வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அம்மா நெற்றியில் கை வைத்து அண்ணாந்து, வேர் நுனி அறுந்திருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுசாத்தான் இருக்கு. தூரப் போட்ராத, சாயங்காலம் குளிக்கப் போவையில ஆத்தங்கரையில நட்டுரு. மிச்சத்த அடி, சுண்ணாம்பு காயுது.”